ராம் ராஸ்: சிற்ப நூலும் சிற்பியின் சொல்லும்

முன்னுரை

கட்டடக்கலை வரலாறும் கோட்பாடும் இன்று தமிழகப் பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்கொன்று முகம் பாராத இரு இடங்களில் பயிலப்படுகின்றன. கட்டடக்கலைக் கல்லூரிகளில் அவை வரைபடத்தின் துணையோடும், தமிழ், வரலாறு, தொல்லியல் துறைகளில் கல்வெட்டு, இலக்கியம் ஆகியவற்றின் துணையோடும் கற்பிக்கப்படுகின்றன. இரு சாராரும் அதிட்டானம், குமுதம், போதிகை, கபோதம், கிரீவம் என்னும் சொற்களைத் தயக்கமின்றி வழங்குகின்றனர். ஓலையில் எழுதப்பட்ட இன்ன சொல் கல்லில் வெட்டப்பட்ட இன்ன உறுப்பையே குறிக்கும் என்னும் உறுதி தொன்றுதொட்டு எல்லோருக்கும் வாய்த்திருந்தது போன்ற தோற்றத்தை அவ்வழக்கு தருகிறது. உண்மை அதுவன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன், நூலைக் கற்றவருக்குக் கல் தெரியாது. கல்லை அறிந்தவருக்கு நூலின் மொழி தெரியாது. அவ்விருவரையும் ஓரிடத்தில் அமர்த்தி, கேட்டறிந்ததை எழுத்தில் வைத்த முதல் இந்தியர் தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ். இந்தியக் கட்டடக்கலையைக் கிரேக்கத்தோடு ஒப்பிட்டவர் என்றே அவர் பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். அந்த ஒப்பீட்டைக் காட்டிலும் அவர் பின்பற்றிய முறையே பெரிது என்பது அவர் வாழ்க்கையைத் தொடர்ந்து நோக்குவார்க்குப் புலப்படும்.

பிறப்பும் முதற்பணிகளும்

ராம் ராஸ் ஏறத்தாழ 1790இல் தஞ்சாவூரில் பிறந்தார். விஜயநகர அரச மரபின் வழித்தோன்றல் என உரிமை கொண்டாடிய குடும்பம் அது. எனினும் அவர் பிறந்தபோது அப்பழம்பெருமையைத் தவிர வேறு செல்வம் எஞ்சியிருக்கவில்லை. தஞ்சை அப்போது மராத்தியர் ஆட்சியில் இருந்தது. 1798இல் இரண்டாம் சரபோசி அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே நாட்டின் நிர்வாகம் கும்பினியார் கைக்குச் சென்றது. அரண்மனையை நம்பி வாழ்ந்த குடும்பத்து இளைஞர்கள் பலருக்கு ஆங்கிலமும் கணக்கும் பிழைப்புக்கான புதிய வழிகளாயின. ராம் ராஸும் அவ்வழியே சென்றார்.

இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட படைப்பிரிவு ஒன்றில் எழுத்துப் பணியோடு அவர் வாழ்க்கை தொடங்கியது. பின்னர்ச் சென்னையில் இராணுவத் தணிக்கை அலுவலகத்தில் எழுத்தரானார். திப்பு சுல்தான் தம் வருவாய் அலுவலர்க்கு விதித்த சட்டத்தொகுப்பு ஒன்றை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பே சென்னை அரசின் குடிமைப்பணியாளரும் கல்விச்சங்கத்தோடு தொடர்புடையவருமான ரிச்சர்ட் கிளார்க்கின் கவனத்தை அவர்பால் ஈர்த்தது. வருவாய் விதிகளை மொழிபெயர்ப்பது இலக்கிய மொழிபெயர்ப்பைப் போன்றதன்று. ஒரு துறைச்சொல்லுக்கு அகராதியில் கிடைக்கும் பொருளும், அலுவலகத்தில் அச்சொல் செய்யும் வேலையும் வேறு வேறாக இருக்கும். இரண்டாவதையே பிடிக்க வேண்டும். பிற்காலத்தில் மானசாரத்தின் முன் அமர்ந்தபோது அவருக்குத் தேவைப்பட்ட பயிற்சியும் இதுவேயாகும்.

கல்விச்சங்கமும் அன்றைய சென்னையும்

புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி எனவும் சென்னைக் கல்விச்சங்கம் எனவும் வழங்கப்பட்ட நிறுவனம் 1812இல் எல்லிஸின் முயற்சியால் தோன்றியது. தமிழ் ஆய்வுலகுக்கு அதனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முத்துசாமிப் பிள்ளை, தாண்டவராய முதலியார் முதலியோர் பணியாற்றிய இடம் அது. ராம் ராஸ் அங்கு ஆங்கிலத் தலைமையாசிரியரானார். தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல, தமக்குள் ஓரினமானவை என்னும் கருத்தை எல்லிஸ் 1816இல் வெளியிட்டார். 1819இல் அவர் மறைந்த பின்னரும் அவர் தோற்றுவித்த ஆய்வுச்சூழல் சங்கத்தில் நிலவியது. ஒரு பொருளின் மூலத்தை வெளியே தேடுமுன் அதன் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும் என்பதே அச்சூழலின் சாரம். தென்னாட்டுக் கட்டடக்கலை கிரேக்கத்திலிருந்தோ எகிப்திலிருந்தோ வந்ததா என்ற வினா ஐரோப்பிய அறிஞரிடையே எழுந்திருந்த காலத்தில், ராம் ராஸ் பின்னாளில் அளித்த விடையும் இதே தடத்தில் அமைந்தது. மொழியில் எல்லிஸ் செய்ததைக் கட்டடத்தில் ராம் ராஸ் செய்தார் என்று கூறுவது சற்று மிகையாகலாம். ஆயினும் இரு முயற்சிகளும் ஒரே நிறுவனத்தின் நிழலில் வளர்ந்தமை தற்செயல் என ஒதுக்கத்தக்கதன்று.

அவர் நடமாடிய நகரத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 1802இல் கோல்டிங்ஹாம் கட்டிய விருந்து மண்டபம் கிரேக்கக் கோயிலின் சாயலில் எழுந்திருந்தது. இன்றைய இராஜாஜி மண்டபம் அதுவே. 1816இல் புனித ஜார்ஜ் பேராலயமும் 1821இல் எழும்பூரில் புனித ஆண்ட்ரூ ஆலயமும் நிறைவெய்தின. இவ்விரண்டிலும் அயோனிக் வகைத் தூண்கள், உள்ளூர்ச் சுண்ணாம்புச் சாந்து பூசிப் பளிங்குபோல் மெருகேற்றப்பட்டு நின்றன. புனித ஆண்ட்ரூ ஆலயத்தைக் கட்டிய டி ஹாவிலண்ட், இலண்டன் ஆலயமொன்றின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டார். அடித்தளத்துக்கோ சேற்றுநிலத்தில் கிணறுகள் இறக்கும் நாட்டுமுறையையே கையாண்டார். நூற்படி மேலே, உள்ளூர்க் கைப்பழக்கம் கீழே என்று அக்கட்டடம் அமைந்தது. கும்பினியின் பொறியாளர் கையில் மேனாட்டு மாதிரிநூல் இருந்தது. அதில் தூணின் அடிவிட்டத்தைக் கொண்டு உயரம் கணிக்கும் விதிகள் இருந்தன. இந்நாட்டுத் தச்சர்க்கு அத்தகைய நூல் உண்டா என்ற வினா அந்நகரில் வாழ்ந்த கூர்மையான அறிவுக்குத் தானாகவே எழக்கூடியது. அதனை வெளிப்படையாகக் கேட்டு, எழுதுமாறு தூண்டியவர் கிளார்க். அவர் இங்கிலாந்து திரும்பி, 1823இல் நிறுவப்பெற்ற அரச ஆசியக் கழகத்தோடு தொடர்பு கொண்டிருந்தார்.

பெங்களூரில் நூலும் சிற்பியும்

ஆய்வு கனிந்தபோது ராம் ராஸ் பெங்களூரில் உள்நாட்டு நீதிபதியாகவும் மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். நீதிமன்றப் பணி முடிந்த பொழுதுகளில் சிற்ப நூல்களின் ஓலைப்படிகளைத் தேடித் திரட்டினார். மானசாரம், மயமதம், காசியபம், வைகானசம், அகத்தியர் பெயரில் வழங்கும் சகளாதிகாரம், விசுவகர்மீயம், சனத்குமாரம், சாரசுவதம், பாஞ்சராத்திரம் எனப் பல நூல்கள் அவர் பார்வைக்கு வந்தன. பெரும்பாலானவை சிதைந்த பகுதிகள். மானசாரமே ஓரளவு தொடர்ச்சியாகக் கிடைத்தது. அதிலும் எல்லா இயல்களும் கிட்டவில்லை. ஆகவே அவர் ஆய்வின் முதுகெலும்பு மானசாரமாயிற்று. அந்நூலின் எழுபது இயல்களும் பல படிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கப்பெற 1930களில் பிரசன்ன குமார் ஆசாரியாவின் பதிப்பு வரவேண்டியிருந்தது.

படிகள் கிடைத்தமையால் இடர் தீரவில்லை. வடமொழி வல்ல பண்டிதர்களிடம் கொண்டுசென்றால், இலக்கணம் பிரித்துச் சொற்பிறப்புக் கூறுவர். பத்மம் என்றால் தாமரை, கும்பம் என்றால் குடம் என்பதோடு நின்றுவிடுவர். ஒரு தாங்குதளத்தில் பத்மம் எங்கு வரும், எத்தனை பங்கு உயரம் பெறும், எந்த வளைவோடு வெட்டப்படும் என்பவற்றில் அவர்க்கு ஈடுபாடில்லை. மறுபுறம், கம்மாளர் வீடுகளில் இந்நூல்கள் குலச்சொத்தாகப் போற்றி மறைக்கப்பட்டன. அவற்றைப் படித்துப் பொருள் காண்போர் அங்கு அரியர். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரும், ஓலைக்கு வராது. படியெடுத்தோரின் பிழைகள் தலைமுறை தலைமுறையாகப் பெருகியிருந்தன.

இவ்விடைவெளியை ராம் ராஸ் கடந்த விதமே அவர் வாழ்வின் மையம். தஞ்சாவூரைச் சேர்ந்த கம்மாளச் சிற்பி ஒருவரை அவர் தம்மிடம் அழைத்துக்கொண்டார். நடைமுறைக் கட்டுமானத்தில் தேர்ந்தவர். தொழிற்சொற்களில் பெரும்பாலானவற்றை அறிந்தவர். ஓலையிலுள்ள தொடரை ராம் ராஸ் வாசிப்பார். சொல்லுக்குரிய உறுப்பைச் சிற்பி காட்டுவார். இருவரும் ஒத்தபோது பொருள் உறுதியாகும். ஒவ்வாதபோது படியில் பிழையா, வழக்கில் மாற்றமா என்று ஆராய வேண்டியிருக்கும். இன்று களப்பணி என்றும் வாய்மொழித் தரவு என்றும் முறையியல் நூல்கள் வகுத்துரைப்பனவற்றை, அப்பெயர்கள் தோன்றுமுன்பே ஒரு நீதிபதி சாட்சி விசாரிப்பது போலச் செய்துகாட்டினார். அவர் தொழில் அவர் ஆய்வுக்குத் தடையாக இருந்ததெனச் சொல்வதைவிட, ஆவணத்தையும் சாட்சியையும் எதிரெதிரே நிறுத்தும் பழக்கத்தை அத்தொழிலே தந்தது எனல் பொருந்தும்.

நீதித்துறை எழுத்திலும் இவ்வியல்பு தெரிகிறது. சென்னை மாகாண நீதிமன்றங்களில் நடுவர்குழு முறையைப் புகுத்தலாமா என்ற விவாதம் 1820களின் பிற்பகுதியில் நடந்தபோது, அம்முறை இந்தியர்க்குப் புதிதன்று என்று ராம் ராஸ் விரிவான மடலொன்றில் வாதிட்டார். தரும நூல்கள் கூறும் அவைகளையும் நாட்டில் வழங்கிய பஞ்சாயத்தையும் இணைத்துக் காட்டினார். நூல்விதி ஒருபுறம், வழக்கு ஒருபுறம் எனப் பிரியாமல் இரண்டையும் ஒன்றால் ஒன்று விளக்கும் அதே போக்கு அதில் உண்டு. அரச ஆசியக் கழகம் அவரைத் தன் மடல்தொடர்பு உறுப்பினராக ஏற்றது.

நூலின் உள்ளடக்கம்

இந்துக்களின் கட்டடக்கலை பற்றிய அவரது ஆங்கில ஆய்வுரை 1834இல் இலண்டனில் அரச ஆசியக் கழகத்துக்காக அச்சிடப்பட்டது. 48 படத்தகடுகள் கொண்ட அந்நூல் பக்க அளவில் சிறியது. படங்களே அதன் பெரும்பகுதி எனலாம். உபபீடம், அதிட்டானம், தூண், பிரஸ்தரம் என அடியிலிருந்து மேலே ஏறும் வரிசையில் அது செல்கிறது. ஒவ்வோர் உறுப்பும் இத்தனை பங்கு எனப் பகுக்கப்பட்டு, உபானம், பத்மம், குமுதம், கண்டம், பட்டிகை முதலிய வரிகளின் அளவுகள் கூறப்படுகின்றன. அதன்பின் ஒருதள விமானம் தொடங்கிப் பலதள விமானங்கள் வரையிலும், துவாரசோபை முதல் மகாகோபுரம் வரையிலான ஐவகை வாயில்களும், தண்டகம், நந்தியாவர்த்தம், சுவஸ்திகம் முதலிய ஊரமைப்புகளும் விளக்கப்பெறுகின்றன.

மேனாட்டார் கவனத்தை மிகுதியும் ஈர்த்தது தூண் பற்றிய பகுதி. அடிவிட்டத்தை அலகாகக் கொண்டு உயரத்தை அளக்கும் முறை உரோமானிய நூலாசிரியர் விட்ருவியஸிடமும் உண்டு. சிற்ப நூல்களிலும் உண்டு. ராம் ராஸ் இந்தியத் தூண்களை இவ்விகிதப்படி வரிசைப்படுத்தினார். இரண்டாம் வகையை டஸ்கனோடும், மூன்றாவதை டோரிக்கோடும், நான்காவதை அயோனிக்கோடும், ஐந்தாவதைக் கொரிந்தியன் அல்லது காம்போசிட்டோடும் ஒப்பிடலாம் என்றார். டஸ்கனைவிட ஒரு விட்டம் குறைந்தனவும், காம்போசிட்டைவிட ஒன்றிரண்டு விட்டம் மிகுந்தனவும் இந்திய மரபில் உள்ளமையையும் சுட்டினார். ஒப்பீட்டின் நோக்கம் கடன்பட்டதை மெய்ப்பிப்பதன்று. விதிப்படி அமைந்த கலை கிரேக்க உரோமானியர்க்கே உரியது என்னும் எண்ணத்தை, அவர்தம் அளவுகோலைக் கொண்டே தகர்ப்பதுதான்.

அந்த உத்தி அக்காலத்துக்குத் தேவையாக இருந்தது. அதற்கொரு விலையும் உண்டு. கிரேக்கக் கட்டடத்தில் தூணே அளவுக்கும் அழகுக்கும் அடிப்படை. தென்னாட்டுக் கோயிலில் அளவின் ஊற்று கருவறை. அதன் அகலத்திலிருந்து விமானத்தின் உயரமும், சுவரின் கனமும், மண்டபத்தின் நீளமும் கிளைக்கின்றன. சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள் அம்முழுமையின் உறுப்புகளே. தூணை முன்னிறுத்தியதால் ராம் ராஸின் நூலில் கோயில், அடுக்கப்பட்ட உறுப்புகளின் தொகுதியாகத் தோன்றும் இடங்கள் உள்ளன. அவர் காலத்து ஐரோப்பிய வாசகரை நோக்கி எழுதியவர் என்பதை நினைவிற்கொண்டால் இக்குறை விளங்கும்.

மற்றொரு குறை தமிழாய்வுக்கு நெருக்கமானது. அவர் ஆய்வின் அடிப்படை வடமொழி நூல்களே. அளவுநூல் வல்லார் கயிறு பிடித்துத் திசை வகுத்து மனையமைப்பதை நெடுநல்வாடை விவரிக்கிறது. கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் எனக் கோயில் வகைகளை அப்பர் தம் திருத்தாண்டகத்தில் அடுக்குகிறார். ஏழாம் நூற்றாண்டில் தமிழ்ப் பெயர்களோடு கூடிய ஒரு வகைப்பாடு மக்கள் வழக்கில் இருந்தமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இவை ராம் ராஸின் சட்டகத்துக்குள் இடம்பெறவில்லை. சங்க நூல்கள் அச்சேறாத காலத்தில் வாழ்ந்தவரிடம் நெடுநல்வாடையை எதிர்பார்ப்பது முறையன்று. தேவாரம் அத்தகையதன்று, ஓதுவார் நாவில் அன்றும் அது வழங்கியது. இவ்விடத்தில் அவரைக் குறைகூறாமல் விடுவது கடினம்.

மறைவும் நூலின் பின்வரலாறும்

நூல் அச்சாகி வெளிவந்ததை ராம் ராஸ் காணவில்லை. அதற்குள் அவர் மறைந்துவிட்டார்; நாற்பது வயதைச் சற்றே கடந்திருந்தார். கழகத்தின் செயலாளர் ஹார்க்னஸ் எழுதிய முன்னுரையே அவர் வாழ்க்கை பற்றிய செய்திகளுக்கு முதன்மை ஆதாரமாக இன்றுவரை விளங்குகிறது. தலைப்புப் பக்கத்தில் ராம் ராஸின் பெயரும், பெங்களூர் நீதிபதி என்ற பதவியும், கழகத்தின் உறுப்பினர் என்ற தகுதியும் பொறிக்கப்பட்டன. தஞ்சைச் சிற்பியின் பெயர் அங்கில்லை.

இந்தியக் கட்டடக்கலை வரலாற்றைப் பொதுநூலாக எழுதிய ஜேம்ஸ் பெர்குசன், 1876இல் வெளிவந்த தம் பெருநூலில் ராம் ராஸின் படங்களை எடுத்தாண்டார். ஆனால் அவர் நம்பியது நூல்களையன்று, கட்டடங்களையே. கல்லே தவறாத ஆவணம் என்பது அவர் துணிபு. அத்துணிபினால் விளைந்த பயன் பெரிது, இழப்பும் உண்டு. இந்தியர் தம் கட்டடத்தைப் பற்றித் தாமே வகுத்துக்கொண்ட கோட்பாடு இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. இந்திய அறிஞர் இராசேந்திரலால் மித்ராவுக்கு எதிராக 1884இல் அவர் எழுதிய கடுமையான நூல், அம்மனப்பான்மை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

இதனோடு ஒரு சொல்லின் வரலாறும் பின்னியுள்ளது. ராம் ராஸ் மானசாரத்தைப் பின்பற்றி நாகரம், திராவிடம், வேசரம் என்பவற்றை வடிவப் பெயர்களாகவே விளக்கினார்: நாகரம் சதுரம், திராவிடம் ஆறு அல்லது எட்டுப் பட்டை, வேசரம் வட்டம். 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தபின் திராவிடம் என்பது மொழிக்குடும்பத்தின் பெயராக நிலைபெற்றது. பெர்குசன் கட்டடத்தையும் இனத்தையும் இணைத்து நோக்கியவராதலால், அவர் எழுத்தில் திராவிடம் தென்னாட்டுப் பாணி முழுவதற்கும் பெயராயிற்று. பாடநூல்கள் அதையே ஏற்றன. மாமல்லபுரத்தில் ஒரே இடத்தில் நிற்கும் ஒற்றைக்கல் கோயில்களில் திரௌபதி இரதத்தின் கூரை சதுரம், தருமராச இரதத்தின் சிகரம் எண்பட்டை, சகாதேவ இரதம் பின்புறம் வளைந்தது. பெர்குசன் வழியில் இவை மூன்றும் திராவிடம். சிற்ப நூல் வழியில் ஒன்று மட்டுமே திராவிடம். தேர்வுத்தாளில் இவ்விரு பொருளையும் கலந்தெழுதும் மாணவரைக் குறைசொல்வதில் நியாயமில்லை; கற்பிக்கும் நூல்களே கலந்தெழுதுகின்றன.

பெர்குசன் எடுத்தாண்ட படங்களுள் ஒன்று, சிறுகோயில் ஒன்றைச் சுற்றி மதில்களும் கோபுரங்களும் காலந்தோறும் பெருகி வளர்ந்த கோயிலின் தரைப்படம். திருவலூர்க் கோயில் எனப் பெயரிட்டு, அவ்வூர் சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ முப்பது மைலில் உள்ளதென அவர் குறித்தார். அக்குறிப்பின்படி அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் தடத்தில் அமைந்த திருவள்ளூரே அது. ஆனால் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் திருவள்ளூரையும் திருவாரூரையும் பிரித்தறிய இயலாது. ராம் ராஸோ தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தவர். படத்தைக் களத்தில் வைத்து ஒப்பிடாமல் ஊர்ப்பெயரை மட்டும் நம்பி எடுத்தாள்வது, ராம் ராஸ் எந்தப் பழக்கத்துக்கு எதிராக உழைத்தாரோ அதற்கே திரும்பிச் செல்வதாகும்.

சென்னையின் மேற்குப்புறக் கோயில்களில் அவர் முறை

அத்தடத்திலேயே அவர் முறையைச் சோதித்துப் பார்க்க ஏற்ற கோயில்கள் உள்ளன. பாடியிலுள்ள திருவலிதாயம், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயில், பூந்தமல்லிக்கு அருகிலுள்ள திருவேற்காடு ஆகிய மூன்றும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். முதலதையும் மூன்றாவதையும் சம்பந்தரும், இரண்டாவதைச் சுந்தரரும் பாடியுள்ளனர். தொழிற்பேட்டைகளும் படைத்தளவாடத் தொழிற்சாலையும் சூழ்ந்துவிட்ட இப்புறநகரில் இம்மூன்று கருவறைகளும் ஒரே வடிவின: முன்புறம் நேர்கோட்டில் அமைந்து, பின்புறம் அரைவட்டமாக வளைந்தவை. பின்னிருந்து நோக்கினால் படுத்திருக்கும் யானையின் முதுகு போலத் தோன்றுவதால் வடமொழியில் கஜபிருஷ்டம் எனவும், தமிழில் தூங்கானை மாடம் எனவும் இவ்வடிவு பெயர்பெற்றது. பெண்ணாகடத்துக் கோயிலுக்குத் தேவாரத்திலேயே அப்பெயர் உண்டு. மாமல்லபுரத்தில் சகாதேவ இரதத்தை அடுத்து ஒரு கல்யானையைப் பல்லவர்காலச் சிற்பி செதுக்கி வைத்தமையும் நினையத்தக்கது. பெயரைக் கல்லிலேயே எழுதிவைத்தது போன்ற செயல் அது.

ராம் ராஸ் தந்த மூன்று வடிவங்களுள் இது எதில் அடங்கும்? சதுரமன்று, எண்பட்டையன்று, முழுவட்டமுமன்று. மானசாரத்தை மட்டும் கையில் கொண்டு பாடிக்குச் செல்பவர் திருச்சுற்றின் மேற்குப் பகுதியில் நின்று திகைக்க வேண்டியதுதான். மயமதம் இவ்விடத்தில் உதவுகிறது: வட்டம், நீள்வட்டம் ஆகியவற்றோடு இருமூலையும் ஒரு வளைவும் கொண்ட வடிவையும் அது வேசரத்தில் அடக்குகிறது. ராம் ராஸ் மயமதத்தை அறிந்திருந்தார். ஆயினும் அது 1919இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியால் பதிப்பிக்கப்பட்ட பின்னரே பரவலான ஆய்வுக்கு வந்தது. தொண்டைமண்டலத்தில் இவ்வடிவு இத்துணைச் செறிந்து காணப்படுவதன் காரணத்தை எந்தச் சிற்ப நூலும் கூறாது. பௌத்த சைத்தியங்களின் எச்சம் என்பார் உளர். மூங்கிலும் ஓலையும் கொண்டு வளைத்துக் கட்டிய பழங்குடில்களின் வழிவந்தது என்பார் உளர். பின்னதே இயல்பானதாகத் தோன்றுகிறது, சைத்தியமும் அதே குடிலிலிருந்து வந்திருக்கக் கூடுமாதலால்.

நூல் கூறாத வேறு செய்திகளையும் இக்கோயில்கள் எழுப்புகின்றன. சதுரக் கருவறையில் குமுத வரியை நேர்க்கல்லில் வெட்டி மூலையில் பொருத்தினால் போதும். வளைந்த கருவறையில் ஒவ்வொரு கல்லும் அவ்வவ்விடத்துக்குரிய வில்வளைவில் வெட்டப்பட வேண்டும். வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாக உள்வாங்கும்போது வளைவின் ஆரமும் வரிக்கு வரி மாறும். நேர்ச்சுவர் வளைவாக மாறும் புள்ளியில் அரைத்தூண் இடைவெளியை எவ்வாறு பகிர்வது என்பது தனிச்சிக்கல். மேலே ஒற்றைத் தூபிக்கு மாறாக முகட்டின் நீளத்தில் தூபிகள் வரிசையாக வரும். அவற்றின் எண்ணிக்கைக்கும் முகட்டின் நீளத்துக்கும் உள்ள தொடர்பு இன்னொன்று. இவற்றுக்கான விடைகள் கயிற்றிலும் முளைக்குச்சியிலும் இருக்கின்றன. குடமுழுக்குக்கு முன் திருப்பணி செய்யும் ஸ்தபதிகள் இன்றும் அவ்விடைகளைத் தம் கையில் வைத்திருக்கின்றனர்.

ராம் ராஸுக்கு எண்பது ஆண்டுகளுக்குப் பின், புதுச்சேரிப் பேராசிரியர் ழூவோ துப்ருய் 1914இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய தம் பிரெஞ்சு நூலை வெளியிட்டபோது, அவரும் உயிரோடிருந்த சிற்பிகளிடமே உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்தார். போதிகையின் வடிவமாற்றத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் முறை அதனால் சாத்தியமாயிற்று. அம்முறை இன்று தமிழ்த்துறை ஆய்வேடுகளில் மாறா விதியாகக் கையாளப்படுகிறது. வளைந்த கருவறையின் தொழிற்சொற்கள் மட்டும் இன்னும் முறையாகத் திரட்டப்பெறவில்லை. திருமுல்லைவாயிலும் பாடியும் திருவேற்காடும் ஒரே நாளில் சென்று வரத்தக்க தொலைவில் உள்ளன. மயமதம் அச்சில் கிடைக்கிறது. அருகில் அமர்த்திக் கேட்க வேண்டிய ஸ்தபதியின் பெயரை இம்முறை தலைப்புப் பக்கத்தில் இடவும் தடையில்லை.